டாட் காமுக்கு முன்னால் ஒரு பெயர்

1980களின் தொடக்கத்தில், இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் ஒரு கணினிக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஓர் அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். எலிசபெத் ஃபெயின்லர் தலைமையில் இயங்கிய அந்த அலுவலகம் எல்லாக் கணினிகளின் பெயர்களையும் எண்களையும் ஒரே கோப்பில் எழுதி வைத்திருந்தது. புதிய கணினி சேர்ந்தால் கோப்பில் ஒரு வரி கூடும். மற்றவர்கள் அதை அவ்வப்போது இறக்கிக்கொள்வார்கள். அலுவலக நேரத்தில் மனிதரோடு பேசி வாங்கிய பெயர் அது. கேட்டவர் யார், எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆய்வுக்கூடம் என்பது கொடுத்தவருக்குத் தெரியும். பெயரை நம்பலாமா என்ற கேள்வி எழவே இடமில்லை.

கோப்பு பெருத்துக்கொண்டே போனதால் ஒரே இடத்தில் வைத்துப் பராமரிக்க முடியாமல் போயிற்று. பெயர்களை அடுக்கடுக்காகப் பிரித்து, பல கணினிகளின் பொறுப்பில் விடும் முறையை 1983-இல் பால் மொகபெட்ரிஸ் வகுத்தார். இன்றுவரை நடப்பில் இருப்பது அதுதான். காம், எஜு, ஆர்க், கவ், மில் என்ற பின்னொட்டுகள் அடுத்த ஆண்டு வரையறுக்கப்பட்டன. 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிந்தது. அந்த ஆண்டு முழுவதும் பதிவானவை ஆறே ஆறு. 1992 வரை எண்ணிக்கை 15,000-ஐத் தொடவில்லை. இன்று டாட் காம் மட்டுமே 15 கோடியைத் தாண்டிவிட்டது. எல்லாப் பின்னொட்டுகளையும் சேர்த்தால் 35 கோடிக்கும் மேல்.

முதல் பத்தாண்டுகள் பெயருக்குக் கட்டணமே கிடையாது. 1995 செப்டம்பரில்தான், இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கினார்கள். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 3,300 ரூபாய். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 15 அன்றுதான், இந்தியாவில் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்க ஆரம்பித்திருந்தது. பணம் இருந்தாலும் டாலரில் கட்ட வழி வேண்டும். அமெரிக்காவிலிருக்கும் மைத்துனரோ கல்லூரித் தோழரோ தன் கடன் அட்டையில் கட்டிக் கொடுத்தால்தான் உண்டு. அப்படி ஒருவர் இல்லாதவர்கள் ஜியோசிட்டீஸ் என்ற தளத்தில் இலவச இடம் பிடித்து, சாய்கோடுகளும் எண்களும் நிறைந்த நீண்ட முகவரியில் தமிழ்ப் பக்கங்களை ஏற்றினார்கள். 2009-இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது அந்த முகவரிகள் அத்தனையும் செத்துப்போயின. சொந்தப் பெயர் இல்லாதவனின் வீடு இடிபட்டால் புதிய விலாசம் சொல்லக்கூட இடமிருக்காது என்பதைப் பலர் அன்று தெரிந்துகொண்டார்கள்.

இன்று ஒரு டாட் காம் பெயரின் ஆண்டு மொத்த விலை 10 டாலரை ஒட்டி. சில்லறை விலை அதைவிடச் சற்று அதிகம்; டாட் இன் பின்னொட்டு சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். முதல் ஆண்டுக்கு மட்டும் என்று இரண்டு இலக்க ரூபாயில் விற்கப்படும் பின்னொட்டுகளும் உண்டு. யாரிடமும் எதையும் விளக்க வேண்டாம். யுபிஐ-யில் பணம் கட்டிச் சில நிமிடங்களில் பெயர் உங்களுடையது. உங்களுடையது என்றால், எந்தப் பெயரும்.

இந்தியாவின் சொந்தப் பின்னொட்டான டாட் இன் 1989-லேயே வந்துவிட்டது. அதன் பொறுப்பு நெடுங்காலம் மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திடம் இருந்தது. அந்நாளில் டாட் இன் என்று நேரடியாகப் பெயர் கிடைக்காது. பதிவு பெற்ற நிறுவனத்துக்கு டாட் கோ டாட் இன், கல்வி நிலையத்துக்கு டாட் ஏசி டாட் இன், அரசுக்கு டாட் கவ் டாட் இன் என்று ஒவ்வொருவரையும் அவரவர் வரிசையில் நிறுத்தினார்கள். விதிமுறை அலுப்பூட்டக் கூடியது. பலர் அலுத்துப்போய் டாட் காமுக்கே ஓடினார்கள். 1992 முதல் 2004 வரை பதிவானவை மொத்தம் சுமார் 7,000. 2005-இன் தொடக்கத்தில் விதிகளைத் தளர்த்தி யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றார்கள். 2011-இல் 10 லட்சம், 2016-இல் 20 லட்சம். பழைய ஏழாயிரத்தில் ஒரு பெயரைப் பார்த்தால், அதற்குப் பின்னால் ஒரு நிறுவனமோ கல்லூரியோ நிச்சயம் உண்டு என்று சொல்லிவிடலாம். புதிய லட்சங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்த லட்சங்களில் திருப்பூர் பனியன் கடையும் கும்பகோணத்துப் பாத்திரக் கடையும் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. பழைய ஏழாயிரத்தில் அவர்களுக்கு இடமிருந்திருக்காது.

பெயரின் விலை தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது 1999-இல். சென்னையின் சத்யம் இன்ஃபோவே அந்த நவம்பரில் இந்தியாவேர்ல்டு நிறுவனத்தை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. கோஜ், கேல், சமாச்சார், பாவர்ச்சி என்று வீட்டில் புழங்கும் இந்திச் சொற்களை முகவரியாக வைத்திருந்த நிறுவனம் அது. காதில் விழுந்தால் போதும், எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தின் நல்ல பெயர் என்பதற்கு அதுவே இலக்கணம்.

அதே சத்யம் இன்ஃபோவே தன் பெயரின் எழுத்துகளைச் சுருக்கி சிஃபி என்ற சொல்லை உண்டாக்கியது. சிறிது காலத்தில் சிஃபிநெட் என்ற பெயரில் இன்னொரு நிறுவனம் கிளம்பியது. ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் ஓர் எஃப் கூடுதல்; பின்னால் ஒரு நெட். வேறு வித்தியாசம் இல்லை. தங்கள் ஐந்து நிறுவனர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது என்றார்கள் அவர்கள். பெங்களூர் உரிமையியல் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையை மீட்டுக் கொடுத்தது. டொமைன் பெயர் வெறும் விலாசம் மட்டுமன்று, வணிகச் சின்னத்துக்கு உரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. ஓர் எழுத்துக்காக மூன்று நீதிமன்றங்கள் ஏறினார்கள். அன்று அது செய்தி. இன்று பிரபலமான எந்தப் பெயருக்கும் ஓர் எழுத்துக் கூடியதும் குறைந்ததுமாகப் பத்துப் பெயர்களை ஒரே மாலையில் வாங்கிவிடலாம். வழக்கு தொடங்குவதற்குள் பெயரைக் கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம்.

தமிழ்ப் பெயர்களுக்கு இந்த ஓரெழுத்துச் சங்கடம் கொஞ்சம் கூடுதல். ரோமன் எழுத்தில் நம் சொற்களுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் இல்லை. ழகரத்துக்கு இசட்-எச் போடுபவர் உண்டு, எல் போடுபவர் உண்டு. ஸ்ரீ என்பதை மூன்று விதமாக எழுதலாம். தகரத்துக்கு எச் சேர்ப்பதா வேண்டாமா, நெடிலுக்கு ஏ ஒன்றா இரண்டா என்று ஒரே பெயர் எட்டு வடிவம் எடுக்கும். பெயர்ப்பலகையில் தமிழில் எழுதிய காலத்தில் இந்தக் குழப்பம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. இப்போது வாடிக்கையாளர் போனில் கேட்டு, தனக்குத் தெரிந்தபடி தட்டுகிறார். நீங்கள் விட்டுவைத்த வடிவத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் அவர் அங்கே போய்ச் சேர்வார். ஆகவே வாயால் சொன்னால் ஒரே விதமாக மட்டும் எழுதக்கூடிய பெயராகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மிக வழக்கமான இரண்டு வடிவங்களையும் வாங்கி ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுங்கள். பெயருக்கு நடுவே கோடும் இலக்கமும் வேண்டாம்; போனில் அவற்றைச் சொல்லிப் பார்த்தால் காரணம் புரியும்.

இதற்கெல்லாம் மாற்றாகத் தமிழிலேயே முகவரி எழுத வழி இப்போது உண்டு. டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என மூன்று நாடுகளுக்குத் தமிழ்ப் பின்னொட்டு கிடைத்திருக்கிறது. பார்க்க நிறைவாக இருக்கிறது. புழக்கத்தில் காண்பது அரிது. சில மின்னஞ்சல் சேவைகளும் படிவங்களும் இன்னும் அவற்றை ஏற்பதில்லை. போதாததற்கு, ஔ என்ற ஒற்றை எழுத்தும், ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் வைத்ததும் நம் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஏமாற்றுவதற்கு எந்த மொழியிலும் இடுக்கு இருக்கிறது.

மாற்றத்தின் முழு உருவத்தையும் பார்க்கச் சிவகாசிக்குப் போனால் போதும். முன்பு தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பட்டாசுக் கடைகளிலிருந்து அச்சடித்த விலைப்பட்டியல் தபாலில் வரும். அலுவலகத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஒருவர் கையில் பணம் கொடுப்பார்கள். பெட்டி லாரி புக்கிங் ஆபீசுக்கு வந்து சேரும். யாரோ ஒருவருக்கு அந்தக் கடைக்காரரை நேரில் தெரிந்திருக்கும். பட்டாசின் மேல் ஒட்டிய சேவலும் அணிலும் மயிலும்தான் சின்னம். அந்தப் படங்களைப் பார்த்துக் காப்பியடித்தவர்களும் இருந்தார்கள்; ஆனால் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடிந்தது.

இன்று அதே விலைப்பட்டியல் இணையதளமாகிவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணையத்தில் பட்டாசு விற்பதைத் தடை செய்ததால், பெரும்பாலான தளங்களில் ஆர்டர் என்ற பொத்தான் இருக்காது. என்கொயரி அல்லது எஸ்டிமேட் என்று இருக்கும். நீதிமன்ற உத்தரவை மதிக்கிறோம், தேவையான பொருள்களைக் குறித்து அனுப்புங்கள், 24 மணி நேரத்துக்குள் தொடர்புகொள்கிறோம் என்று ஒரு பத்தி தளத்துக்குத் தளம் அட்சரம் மாறாமல் ஓடும். எல்லாத் தளத்திலும் 80 சதவீதத் தள்ளுபடி. எல்லாப் பெயரிலும் சிவகாசி, கிராக்கர்ஸ், ஆன்லைன், வேர்ல்டு என்ற நான்கு சொற்களில் குறைந்தது இரண்டு இருக்கும். நிஜக் கடையும் போலியும் ஒரே அச்சில் வார்த்தவை. பணம் போட்ட பிறகு போன் அணைந்துவிடுகிறது என்ற புகார்கள் வந்து, தமிழ்நாடு காவல் துறையின் சைபர் கிரைம் பிரிவு தீபாவளி நேரத்தில் எச்சரிக்கை விட வேண்டிய நிலை.

இதில் நிஜக் கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன். தேடலில் முன்னால் வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, தாத்தா பெயரில் நடந்துவந்த கடைக்குப் பொதுச்சொற்களால் ஆன முகவரியை வைத்தார்கள். பொதுச்சொல்லை யாரும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஒரு வேர்ல்டு, ஒரு ஷாப் சேர்த்தால் போலி தயார். கடை வாசல் பலகையில் இருக்கும் பெயர், ஜிஎஸ்டி ரசீதில் இருக்கும் பெயர், ஜிபேயில் பணம் அனுப்பும்போது திரையில் தோன்றும் பெயர், டொமைன் பெயர் ஆகிய நான்கும் ஒன்றாக இருந்தால் வாங்குபவருக்குச் சரிபார்க்க ஒரு பிடி கிடைக்கும்.

வாங்குபவர் சரிபார்த்த முறைகளும் மாறிவிட்டன. முன்பு எந்தப் பெயரையும் ஹூயிஸ் பதிவேட்டில் தட்டினால் பதிந்தவரின் பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி எண் எல்லாம் வந்து விழும். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின் பெரும்பாலும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. தன் பெயரில் தளம் நடத்தும் ஒரு பெண்ணின் வீட்டு விலாசம் ஊருக்கே தெரிய வேண்டியதில்லை. அந்த வகையில் இது நல்லது. மோசடிக்காரனுக்கும் அதே திரை கிடைத்துவிட்டது. ஆனாலும் பதிவான தேதியை மறைப்பதில்லை. மூன்று தலைமுறைப் பாரம்பரியம் என்று முகப்பில் போட்டிருக்கும் கடையின் பெயர் போன மாதம்தான் பதிவாகியிருந்தால், அந்த ஒரு தேதியே போதும்.

பூட்டுப் படத்தைப் பாருங்கள் என்று பத்தாண்டுகளுக்கு முன் சொல்லிக் கொடுத்தோம். பாதுகாப்புச் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்த நாள்களில் அதில் ஓரளவு பொருள் இருந்தது. இலவசச் சான்றிதழ்கள் பரவலானதும் போலித் தளங்களும் பூட்டு மாட்டிக்கொண்டன. 2023-இல் கூகுள் தன் குரோம் உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டையே எடுத்துவிட்டது. நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பின்னொட்டும் பழைய சாட்சியத்தைச் சொல்வதில்லை. காம் என்றால் வணிகம், ஆர்க் என்றால் அறப்பணி, நெட் என்றால் இணைப்பு வழங்குபவர் என்ற பாகுபாடு 1990களிலேயே கரைந்துவிட்டது. 2012-இல் புதிய பின்னொட்டுகளுக்கு 1,930 விண்ணப்பங்கள் வந்தன; இப்போது பழையவை, நாடுகளுக்கு உரியவை எல்லாம் சேர்த்து 1,400-க்கு மேல் புழக்கத்தில். ஏஐ என்பது கரீபியக் கடலில் உள்ள அங்குவிலா தீவின் பின்னொட்டு. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் மொய்த்ததில், 2023-இல் அந்தத் தீவின் அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரண்டு எழுத்துகளிலிருந்து வந்தது. அந்த நிறுவனங்களில் எத்தனை பேர் அங்குவிலாவை வரைபடத்தில் பார்த்திருப்பார்கள்!

ஒன்று மட்டும் 1983 முதல் மாறவில்லை. முகவரியை வலமிருந்து இடமாகத்தான் கணினி படிக்கிறது. தபால்காரர் உறையின் கடைசி வரியில் உள்ள பின்கோடிலிருந்து தொடங்குவதைப் போல. நாம் இடமிருந்து படிக்கிறோம். ஏமாற்று முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. எஸ்பிஐ டாட் கேஒய்சி-அப்டேட் டாட் டாப் என்ற முகவரியில் நம் கண் முதலில் எஸ்பிஐ-யைப் பிடித்துக்கொள்கிறது. உண்மையில் அது கேஒய்சி-அப்டேட் என்ற பெயரை வாங்கியவரின் இடம். முன்னால் எஸ்பிஐ என்று ஒட்டிக்கொள்ள அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெயருக்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் நின்று, அங்கிருந்து பின்னோக்கிப் படித்தால் உரிமையாளர் தெரிந்துவிடுவார். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். பாஸ்போர்ட், இந்தியா, சேவா என்ற சொற்களை விதவிதமாகக் கோத்து ஆர்க் என்றும் காம் என்றும் இன் என்றும் முடியும் போலித் தளங்களைக் குறித்து வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. உண்மையான தளம் டாட் கவ் டாட் இன் என்று முடியும். அந்த வாசலில் இன்னும் காவல் இருக்கிறது. தனியார் யாரும் அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

வங்கிகளும் இப்போது அந்த வழிக்கு வந்திருக்கின்றன. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகளுக்கென்று டாட் பேங்க் டாட் இன் என்ற தனிப் பின்னொட்டை அறிவித்தது. ஹைதராபாத்தின் ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே அதைப் பதிந்து கொடுக்கும். அந்த ஆண்டு அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் மாற வேண்டும் என்பது உத்தரவாக இருந்தது. யார் நீங்கள் என்று கேட்டுப் பெயர் கொடுக்கும் பழைய முறையேதான். ஒரேயொரு குறை. பாரத ஸ்டேட் வங்கியின் இணைய வங்கிக்கு வாடிக்கையாளர்கள் முதலில் டாட் காம் முகவரியைப் பழகினார்கள், பிறகு டாட் எஸ்பிஐ, இப்போது டாட் பேங்க் டாட் இன். பாதுகாப்புக்காகவே மாற்றினாலும், முகவரி மாறியதாக வரும் செய்தியை நம்பாதீர்கள் என்று சொல்லி வளர்த்த வாடிக்கையாளரிடம் முகவரி மாறிவிட்டது என்று செய்தி அனுப்ப வேண்டியிருந்தது.

வங்கிக்குக் காவல் வாசல் கிடைத்துவிட்டது. பாத்திரக் கடைக்கும் பள்ளிக்கும் கோயில் அறக்கட்டளைக்கும் அப்படி ஒன்று இல்லை. அவர்களுக்கு இருக்கும் ஒரே மூலதனம் ஒரே பெயரில் விடாமல் பத்து, இருபது ஆண்டு இருப்பது. அது கைநழுவுவது பெரும்பாலும் வெளியாளின் சூழ்ச்சியால் நடப்பதில்லை. தளம் செய்து கொடுத்த பையன் தன் மின்னஞ்சலில், தன் கைபேசி எண்ணில் பெயரைப் பதிந்திருப்பான். நான்கு ஆண்டு கழித்து அவன் வேலை மாறி வெளியூர் போயிருப்பான். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். காலாவதியான பெயரைத் தூக்கிக்கொள்ளத் தானியங்கி நிரல்கள் காத்திருக்கின்றன. ஒரு கல்லூரியின் கருத்தரங்கத் தளம் சூதாட்ட விளம்பரமாக மாறுவது இப்படித்தான். பழைய பெயருக்கு இருக்கும் நம்பிக்கைதான் அவர்களுக்கு வேண்டிய சரக்கு.

உங்கள் கடைக்கோ சங்கத்துக்கோ ஒரு டொமைன் பெயர் இருந்தால், அது யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்ற இரண்டையும் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேறொருவர் பேரில் இருந்தால் உங்கள் பேருக்கு மாற்றி, ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.